அட்டையில் யாருடைய பெயர்?

ஊழியக்காரனுக்கு விடுமுறை உண்டா என்று நீங்கள் கேட்கக்கூடும். நானும் இருபத்தாறு ஆண்டுகளாக அப்படியே எண்ணியிருந்தேன். கடந்த பிப்ரவரி மாதத்தில் சபையின் மூப்பர்கள் இரண்டு விமானச் சீட்டுகளை என் கையில் கொடுத்து, "பாஸ்டர், அம்மாவை அழைத்துக்கொண்டு பத்து நாள் எங்கேயாவது போய் வாருங்கள்" என்று அன்பாய்க் கட்டாயப்படுத்தினார்கள். முன்பு எங்கள் சபையில் ஐக்கியமாயிருந்து, இப்பொழுது அந்தமானிலுள்ள தன் தகப்பனாரின் வீட்டிற்கே திரும்பிவிட்ட ஒரு சகோதரர் வெகுநாளாக எங்களை வருந்தி அழைத்துக்கொண்டிருந்தார். அவர் வசிக்கும் இடம் லாங் ஐலண்ட். அங்கேயே போவதென்று தீர்மானித்தோம்.

நான் எடுத்துச் சென்ற கைப்பையில் வேதாகமம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு பச்சை நிறக் கோப்பும் இருந்தது. இந்தக் கட்டுரை உண்மையில் அந்தக் கோப்பைப் பற்றியது. ஆகையால் அதில் இருந்தது என்னவென்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைக்கு அருகே என் தகப்பனார் விட்டுச்சென்ற நிலம் நாற்பத்தைந்து சென்ட். அவர் உயில் எழுதாமல் மரித்தார். தாயார் அவருக்கு முன்பே போய்விட்டார்கள். பிள்ளைகள் நாங்கள் மூவர்: மூத்தவள் அக்காள், அடுத்து அண்ணன், கடைசியில் நான். அண்ணனும் நானும் நகரத்திற்கு வந்துவிட்டோம். விதவையான அக்காள் பிறந்த வீட்டிற்குத் திரும்பி, அப்பாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டு, அந்த நிலத்தில் மரச்சீனியும் வாழையும் வைத்துப் பிழைத்து வருகிறாள். வீட்டுமனைகளாகப் பிரித்து விற்க ஒருவர் நிலத்தைக் கேட்டார். இரண்டு லட்ச ரூபாய் முன்பணமும் கொடுத்தார். அண்ணனும் நானும் ஆளுக்கு ஒரு லட்சம் வாங்கிக்கொண்டோம். என் பங்கு மகளின் கல்லூரிக் கட்டணத்திற்குப் போய்விட்டது. மீதி ஒரேயொரு காரியம்தான். அக்காள் தன் பாத்தியதையை எங்களுக்கு விட்டுக்கொடுப்பதாக ஒரு விடுதலைப் பத்திரம் எழுதித் தரவேண்டும். அதன் நகல்தான் அந்தப் பச்சைக் கோப்பில் இருந்தது. விடுமுறை முடிந்ததும் நேரே ஊருக்குச் சென்று கையெழுத்தை முடித்துவிடுவதாக அண்ணனிடம் சொல்லியிருந்தேன்.

அக்காளிடம் தொலைபேசியில் கேட்டபோது அவள் சொன்னது ஒரே வாக்கியம்: "எனக்கு எதுவானாலும் சம்மதம்தான் தம்பி." அதை நான் சம்மதமென்று எடுத்துக்கொண்டேன். கலியாணத்தில் அவளுக்கு நகை போட்டாயிற்று, அதுவே அவள் பங்கு என்று எங்கள் ஊரில் எல்லாரும் சொல்லுகிறதை நானும் எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

சென்னையிலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலுக்கு அப்பால் இருக்கிறது, போர்ட் பிளேர் என்று நாம் அறிந்த நகரம். 2024ஆம் ஆண்டிலிருந்து அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர். அங்கிருந்து சாலை வழியாய் மத்திய அந்தமானிலுள்ள ரங்கத்துக்குச் சென்று, எரட்டா படகுத்துறையில் படகேறி, சதுப்புநிலக் காடுகளின் ஓரமாய் லாங் ஐலண்டை அடைந்தோம். ஆரவாரமில்லாத சிறு தீவு. படகுத்துறை, சில கடைகள், பள்ளிக்கூடம், தென்னையும் பாக்கும் சூழ்ந்த வீடுகள், அவற்றுக்குப் பின்னால் காடு. காட்டுப் பாதையில் நடந்தால் லாலாஜி விரிகுடாவின் வெண்மணல். மாலை ஐந்தரை மணிக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. நகரத்தில் ஜெபக்கூட்டத்திற்குப் புறப்படும் நேரத்தில் அங்கே இரவு உணவு முடிந்துவிடுகிறது.

சகோதரரின் தகப்பனார் இராமநாதபுரத்திலிருந்து மரம் வெட்டும் வேலைக்காக இங்கே வந்தவர். அந்நாட்களில் இந்தத் தீவுகளில் அநேகர் மரத்தொழிலையே நம்பியிருந்தார்கள். 2002ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் அந்தமான் காடுகளில் மரம் வெட்டுவதற்குக் கடுமையான கட்டுப்பாடுகளை விதித்தபின் அந்தப் பிழைப்பு ஒடுங்கியது. அப்பொழுதுதான் சகோதரர் சென்னைக்கு வந்து எங்கள் சபையில் சேர்ந்தார். பின்பு, அப்பா வைத்துவிட்டுப்போன தென்னைகளையும் பாக்கு மரங்களையும் நம்பி மறுபடியும் தீவுக்கே திரும்பினார். "ஐயா, மரம் வெட்டினவருடைய மகன் நான். இப்போது மரம் வைக்கிறேன்" என்று சொல்லிச் சிரித்தார்.

நாங்கள் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அங்கே விவசாயிகளுக்காக ஒரு சிறு கண்காட்சி நடந்தது. சுற்று வட்டாரத்தார் தங்கள் விளைச்சலைக் கொண்டுவந்து காட்டி, பரிசுக்கும் நிறுத்துவார்கள் என்று சகோதரர் சொன்னார். நான் அரைமனதோடுதான் போனேன். பெரிய நகரத்தில் பெரிய பொருட்காட்சிகளைக் கண்டவனுக்கு, மைதானத்தில் போட்ட நான்கு பந்தல்களில் என்ன இருந்துவிடப்போகிறது?

என் எண்ணம் பிழை என்று முதல் பந்தலிலேயே கண்டுகொண்டேன். ஒரு பக்கம் பாக்குக் குலைகளும் வாழைத்தார்களும் அடுக்கப்பட்டிருந்தன. மறுபக்கம் மிளகும், கிராம்பும், ஜாதிக்காயும், பட்டையும் சிறு தட்டுகளில் வாசனை வீசின. இந்தத் தீவுகளுக்கென்றே தெரிந்தெடுக்கப்பட்ட அன்னபூர்ணா, சூர்யா என்னும் குட்டைத் தென்னை ரகங்களின் கன்றுகளைக் கண்டேன். அவற்றை உருவாக்கிய மத்திய தீவு வேளாண் ஆராய்ச்சி நிலையம் 1978ஆம் ஆண்டுமுதல் இங்கே வேலை செய்கிறது. ஒரு கூண்டிலே குட்டைக் கால்களோடு உருண்டையாய் நின்ற நிக்கோபாரிக் கோழிகள் இருந்தன. நிக்கோபார் மக்களின் முற்றங்களில் தலைமுறை தலைமுறையாய் வளர்ந்த இனம் அது. நாட்டுக்கோழிகளுள் நன்றாய் முட்டையிடுவதென்று பெயர் பெற்றது. என் மனைவி அந்தக் கூண்டைவிட்டு நகர மறுத்துவிட்டாள்.

என்னை வெகுநேரம் நிறுத்திவைத்தது ஒரு மண் மாதிரி. 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியை நாம் மறக்கவில்லை. ஆனால் அன்றைய நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் தரையே தாழ்ந்துபோனதையும், வடக்கில் சில கரைகள் உயர்ந்ததையும் நம்மில் அநேகர் அறியோம். தாழ்ந்த இடங்களில் கடல்நீர் வயலுக்குள் புகுந்து, மண் உப்பாகிவிட்டது. அப்படிப்பட்ட நிலத்தை என்ன செய்வது? வயலில் அகலமான பள்ளங்களை வெட்டி, அந்த மண்ணைக் கொண்டே பக்கத்தில் உயரமான மேட்டுப் பாத்திகளை அமைக்கிறார்கள். இந்தத் தீவுகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 3,000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. அந்த மழை மேட்டிலிருந்து கொஞ்சங்கொஞ்சமாய் உப்பைக் கழுவி இறக்கிவிடுகிறது. மேட்டிலே காய்கறி, பள்ளத்திலே மீன். மழை நின்ற மாதங்களில் பள்ளத்து நீரே பாத்திக்கு உதவுகிறது. விளக்கிச் சொன்ன இளைஞர் இந்தியில் பேசினார், சகோதரர் தமிழில் சொன்னார். "உப்பு ஒரே நாளில் வந்தது ஐயா, போவதற்குத்தான் பல மழைக்காலம் பிடிக்கும்" என்றார். ஒரு பிரசங்கியார் காதில் விழ வேண்டிய வார்த்தைதான் என்று குறித்துக்கொண்டேன். அது என் பிரசங்கத்திற்கு வந்ததா, எனக்கே வந்ததா என்று அப்பொழுது தெரியவில்லை.

இதையெல்லாம் பார்க்கையில் என் சிறுவயதின் அறுப்புப் பண்டிகை நினைவுக்கு வந்தது. எங்கள் ஊர் ஆலயத்திற்கு ஒவ்வொரு வீட்டாரும் தங்கள் நிலத்தின் முதற்பலனைச் சுமந்து வருவார்கள். ஆராதனைக்குப்பின் ஏலம் நடக்கும். ஒரு பூசணிக்காய் மூன்று முறை கைமாறி, மூன்று முறை காணிக்கையாகும். யாருடைய தோட்டத்துக் குலை என்று கேட்டுக் கேட்டு ஏலம் எடுப்பார்கள். இப்பொழுது நகரத்துச் சபையிலும் அறுப்பின் ஸ்தோத்திரப் பண்டிகை ஆசரிக்கிறோம். ஆனால் காய்கறிகளைச் சனிக்கிழமை இரவே சந்தையில் வாங்கிவிடுகிறோம். அதில் குற்றமில்லை, நகரத்தில் நிலத்திற்கு எங்கே போவது? என்றாலும் அந்தக் காயை விளைவித்த கை யாருடையது என்று நாம் கேட்பதில்லை.

நான்காவது பந்தலில் போட்டிக்கான பொருள்கள் இருந்தன. ஒவ்வொன்றின்முன்னும் விளைவித்தவரின் பெயரும் ஊரும் எழுதிய அட்டை. அங்கே ஒரு பெருவள்ளிக் கிழங்கு கிடந்தது. எங்கள் ஊரில் அதைக் காச்சில் என்போம். ஒரு சிறு பிள்ளையின் பருமன், பதினெட்டு கிலோ. வேர்கூட முறியாமல், விரல்போல் கிளைத்த நுனிகள்கூட ஒடியாமல் தோண்டி எடுக்கப்பட்டிருந்தது. விவசாயி வீட்டுப் பிள்ளையாகிய எனக்கு அதன் அருமை தெரியும். மண்வெட்டி பட்டால் போயிற்று. கையாலேதான் மண்ணைத் தள்ளித் தள்ளி எடுக்கவேண்டும்.

கிழங்கின் அருகே அறுபத்தைந்து வயது மதிக்கத்தக்க தமிழ்த் தாயார் ஒருவர் நின்றிருந்தார். சகோதரர் அவரை "அத்தை" என்று அழைத்து எனக்கு அறிமுகம் செய்தார். அவருடைய அட்டையில் இன்னும் ஒன்றும் எழுதப்படவில்லை. எழுதுகிறவர் வேறு வேலையாய்ப் போயிருந்தார். "ஐயா, நீங்கள் எழுதித் தாருங்களேன்" என்று சகோதரர் பேனாவை என் கையில் கொடுத்தார்.

"என்ன பெயர் எழுதட்டும் அம்மா?" என்று கேட்டேன்.

அவர் தயங்கவில்லை. தன் தம்பியின் பெயரைச் சொன்னார்.

"கிழங்கு தம்பி விளைவித்ததா?"

"இல்லய்யா. அவன் மெட்ராஸ்ல இருக்கான். ஆறு வருசமா வரல. நட்டது, தோண்டினது எல்லாம் நான்தான். ஆனா நிலம் அவன் பேர்லதானே இருக்கு? எனக்குக் கலியாணத்துல செய்ய வேண்டியத செஞ்சாச்சு."

"தம்பி நிலத்தைக் கேட்டால் என்ன செய்வீர்கள்?" இந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

அவர் கிழங்கின்மேல் ஒட்டியிருந்த மண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டே சொன்னார்: "கேட்டா கொடுக்க வேண்டியதுதான். எனக்கு எதுவானாலும் சம்மதம்."

அன்பான வாசகரே, பேனா என் கையிலேயே நின்றுவிட்டது. அதே வார்த்தை. ஆனால் தொலைபேசியில் நான் கேட்டது சத்தத்தை மாத்திரமே. இங்கே அந்த வார்த்தையைச் சொல்லுகிற முகத்தையும் கண்டேன். அது சம்மதம் சொல்லுகிற முகமல்ல. கேட்பதற்கு யாரும் இல்லாததால், சொல்லுவதற்கும் ஒன்றுமில்லை என்று பழகிப்போன முகம்.

எண்ணாகமத்தில் செலொப்பியாத்தின் குமாரத்திகளைக் குறித்து வாசிக்கிறோம். மக்லாள், நோவாள், ஒக்லாள், மில்காள், திர்சாள் என்னும் ஐந்து சகோதரிகள் மோசேயின்முன் நின்று, தங்கள் தகப்பனின் சுதந்தரத்தில் தங்களுக்குப் பங்கு கேட்டார்கள். அவர்கள் கேட்டது நியாயம் என்று கர்த்தரே தீர்ப்புச் சொன்னார். அந்தப் பகுதியை வைத்து நான் எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். ஐந்து பெயர்களையும் மனப்பாடமாய்ச் சொல்லிச் சபையாரை வியக்கவைத்திருக்கிறேன். அந்தப் பெயர்களின் வரிசையில் என் அக்காளின் பெயரை ஒருநாளும் சேர்த்துப் பார்த்ததில்லை.

சட்டமும் எனக்குத் தெரியாததல்ல. எங்கள் பகுதி முன்பு திருவிதாங்கூரோடு இருந்தது. 1916ஆம் ஆண்டின் திருவிதாங்கூர் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி, உயிலில்லாமல் மரித்த தகப்பனின் சொத்தில் மகளுக்குக் கிடைப்பது மகனுடைய பங்கில் நாலிலொன்று, அல்லது ஐயாயிரம் ரூபாய். இவற்றில் எது குறைவோ அது. 1986ஆம் ஆண்டில் மேரி ராய் வழக்கில் உச்ச நீதிமன்றம், பழைய திருவிதாங்கூர்ச் சட்டம் 1951லேயே மறைந்துவிட்டது, 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டமே செல்லும் என்று தீர்ப்பளித்தது. அந்தச் சட்டத்தின்படி மகனுக்கும் மகளுக்கும் சரிபங்கு. அக்காளிடம் விடுதலைப் பத்திரம் கேட்கவேண்டியிருந்ததே அவளுக்குப் பங்கு உண்டு என்பதற்கு அத்தாட்சியல்லவா? இல்லாததை ஒருவர் எப்படி விட்டுக்கொடுக்க முடியும்?

நான் அட்டையில் அந்தத் தாயாரின் பெயரையே எழுதினேன். முதலில் தமிழில், பிறகு சகோதரரின் உதவியோடு இந்தியில். அவருக்கு வாசிக்கத் தெரியாது. "என்ன எழுதியிருக்கீங்க, வாசிங்க" என்றார். வாசித்தேன். "என் பேரா?" என்று ஒருமுறை கேட்டார். பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அட்டையைக் கிழங்கின்மேல் சாய்த்து, எல்லாருக்கும் தெரியும்படி நேராக்கி வைத்தார். பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை; அதைவிடப் பெரிய கிழங்கொன்று வேறொரு கிராமத்திலிருந்து வந்திருந்தது. மாலையில் கிழங்கைச் சாக்கில் கட்டினவர், அட்டையைத் தனியே மடித்து முந்தானையில் முடிந்துகொண்டதை என் மனைவி கண்டு எனக்குக் காட்டினாள்.

அன்று இரவு அக்காளை அழைத்தேன். 2020ஆம் ஆண்டில் சென்னையிலிருந்து கடலடியில் இழுக்கப்பட்ட ஏறக்குறைய 2,300 கிலோமீட்டர் கம்பிவடம் லாங் ஐலண்டையும் தொடுகிறது. அவளுடைய குரல் பக்கத்து அறையிலிருந்து வருவதுபோல் தெளிவாயிருந்தது.

"அக்கா, நீ சம்மதமென்று சொன்னாயே, அது உன் மனதா? அல்லது நாங்கள் வேறு பதிலை எதிர்பார்க்கவில்லை என்று தெரிந்து சொன்னதா?"

நெடுநேரம் பதிலில்லை. நான் வழக்கம்போல் இடைமறித்துப் பேசிவிடாதபடிக்கு என் வாயைக் காத்துக்கொண்டேன். கடைசியில் அவள் சொன்னாள்: "தம்பி, மரச்சீனி வைத்து நாலு மாதம்தான் ஆகிறது. தோண்ட இன்னும் ஆறு மாதம் வேண்டும். வாழை இன்னும் குலை தள்ளவில்லை. கையெழுத்துப் போட்ட மறுநாள் இயந்திரம் வந்துவிடும் என்று அண்ணன் சொன்னான். அதுமட்டும்தான் மனதுக்குக் கஷ்டம்." பிறகு மெதுவாய், "அதற்குப்பிறகு நான் எங்கே இருப்பேன் என்று நீங்கள் இரண்டு பேரும் சொல்லவில்லையே" என்றாள்.

ஆம், வாசகரே. நாங்கள் சொல்லவில்லை. கேட்கவும் இல்லை. இரண்டு சகோதரர்கள், அதில் ஒருவன் போதகன். நிலத்தின் விலையைச் சென்ட் கணக்கில் பேசினோம், ஆனால் அக்காள் எங்கே படுத்துறங்குவாள் என்று பேசவில்லை.

விடுமுறை முடிந்து ஊருக்குப் போனேன். பச்சைக் கோப்பிலிருந்த தாளை அக்காளின் முன்பாகவே கிழித்தேன். அது பெரிய தியாகமென்று எண்ணிவிடாதிருங்கள். பிறருடையதைத் திருடாமல் விடுவது தியாகமாகாது. நிலத்தை மூன்று சமபங்காய் அளந்தோம். சாலையோரத்துப் பதினைந்து சென்டை அண்ணன் தன் பங்காக எடுத்து அதே நபருக்கு விற்றார். துண்டு நிலமானதால் பேசிய விலை கிடைக்கவில்லை. அதனால் அவருக்கு என்மேல் உண்டான வருத்தம் இன்னும் தீரவில்லை. தொலைபேசியில் என் மனைவியிடம் பேசுகிறார், என்னிடம் பேசுவதில்லை. என் பங்கும் அக்காளின் பங்கும் வீட்டோடு சேர்ந்து அப்படியே இருக்கின்றன. இரண்டிலும் அவளே பயிர் வைக்கிறாள். நான் வாங்கிய ஒரு லட்சத்தை மாதாமாதம் திருப்பிக் கொடுத்து வருகிறேன், இன்னும் முடியவில்லை. மகளின் அடுத்த ஆண்டுக் கட்டணத்திற்கு வங்கிக் கடனுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறோம். நியாயம் செய்தால் கையில் பணம் சேரும் என்று நான் உங்களுக்கு வாக்குக் கொடுக்க முடியாது. இரவில் நித்திரை வருகிறது என்றுமட்டும் சொல்ல முடியும்.

பிழைப்பைத் தேடி நகரத்திற்கு வந்திருக்கிற அருமையான சகோதரனே, உன் ஊரிலும் ஒரு துண்டு நிலம் இருக்கக்கூடும். அதை விற்காதே என்று நான் சொல்லவில்லை. விற்கவேண்டிய நெருக்கங்கள் உண்டு. ஆனால் பத்திரத்தில் கையெழுத்து வாங்கப் போகுமுன் ஒருமுறை நேரில் போய், அந்த மண்ணில் இன்று நிற்கிறது என்ன பயிர், அதை வைத்தது யாருடைய கை என்று பார். உன் சகோதரி "சம்மதம்" என்று சொன்னால், அவள் முகத்தைப் பார்த்து இரண்டாம் முறை கேள். அவள் மௌனமாயிருந்தால் அவசரப்படாமல் காத்திரு. அருமையான சகோதரியே, உனக்கு வாசித்துக் காட்டப்படாத எந்தத் தாளிலும் கையெழுத்திடாதே. அதை வாசித்துச் சொல்ல உன் சபையில் ஒருவராவது இருப்பார். இல்லாவிட்டால், உன் போதகரைக் கேள். கேட்கப்படுவதற்காகத்தான் நாங்கள் இருக்கிறோம்.

சென்ற மாதம் ஊரிலிருந்து ஒரு சாக்கு மூட்டை பேருந்தில் வந்து சேர்ந்தது. பிரித்தால் மரச்சீனிக் கிழங்கு, மண்கூட உதிராமல். அந்த ஞாயிறு எங்கள் சபையில் ஸ்தோத்திரப் பண்டிகை. பாதியை வீட்டுக்கு வைத்துக்கொண்டு, பாதியைக் கொண்டுபோய்ப் பீடத்தின்முன் வைத்தோம். என் மனைவி ஒரு அட்டையை எடுத்து வந்து, "பெயர் எழுதுங்கள்" என்றாள். அக்காளின் பெயரை எழுதினேன்.